பெட்டியடியில் உறங்கும் வெள்ளி ரூபாய்

உங்கள் இல்லத்தில் பாட்டியார் காலத்துப் பெட்டி ஒன்று இருக்குமாயின், அதன் அடித்தட்டில் ஒரு துணி முடிச்சும், அம்முடிச்சினுள் நான்கைந்து வெள்ளி ரூபாய்களும் இருக்கக் கூடும். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ள கீழ்பென்னாத்தூரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் இத்தகைய முடிச்சுகளைப் பாதுகாத்து வரும் குடும்பங்கள் உண்டு. மகளின் திருமணம், எதிர்பாராத மருத்துவச் செலவு என ஒரு நெருக்கடி வரும்பொழுது அம்முடிச்சு அவிழ்கிறது, கடைத்தெருவுக்குச் செல்கிறது, தராசில் ஏறுகிறது. எடைக்குரிய தொகையைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்புகிறோம். விற்றது வெறும் வெள்ளிதானா, அதனினும் கூடிய மதிப்புடைய பொருளா என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே.

பழைய நாணயம் ஒன்றின் மதிப்பை மூன்று செய்திகள் முடிவு செய்கின்றன. அதில் எவ்வளவு வெள்ளி உள்ளது என்பது முதலாவது. அத்தகைய நாணயம் எத்தனை எஞ்சியுள்ளது என்பது இரண்டாவது. அது எந்த அளவுக்குத் தேயாமல் இருக்கிறது என்பது மூன்றாவது. இம்மூன்றாவதையே நாணயத்தின் 'நிலை' அல்லது 'தரம்' என்கின்றனர். முதலிரண்டையும் நம்மால் மாற்ற இயலாது. மூன்றாவதோ நம் கைகளில் உள்ளது. நம் கைகளாலேயே கெடவும் செய்கிறது. ஆகவே விற்பதற்கு முன்னரும், பங்கிடுவதற்கு முன்னரும், துலக்குவதற்கு முன்னரும் அதனை அறிந்துகொள்வது நம் கடமை.

இவ்வெள்ளி வந்த வழி

ஆற்காட்டு நவாபுகளின் பெயரோடு இணைந்த மண் இது. 1736ஆம் ஆண்டில் கர்நாடக நவாப் தோஸ்த் அலீ கான் அளித்த அனுமதியின்படி, புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் ஆற்காட்டு ரூபாய்களை அச்சிட்டனர். பின்னர் ஆங்கிலேயக் கம்பெனியாரும் சென்னையில் அவ்வாறே அச்சிட்டனர். இரண்டிலும் பாரசீக எழுத்துகளே பொறிக்கப்பட்டன. ஹிஜ்ரி ஆண்டே குறிக்கப்பட்டது. புதுச்சேரி ரூபாய்க்குப் பிறையும், சென்னை ரூபாய்க்குத் தாமரையும் அடையாளச் சின்னங்கள்.

1835இல் கம்பெனி ஆட்சி தன் ஆட்சிப் பகுதி முழுமைக்கும் ஒரே ரூபாயை வகுத்தது. அதன் எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. நகைக்கடை மொழியில் சொன்னால் 91.7 டச். ஒரு ரூபாயின் எடையும் ஒரு தோலாவும் ஒன்றே. பழைய ரூபாயைத் தராசின் மறுதட்டில் படிக்கல்லாக இட்டுப் பொருள் நிறுத்த வழக்கம் இதனாலேயே தோன்றியது.

திருவண்ணாமலை வட்டாரத்தில் மணிலா எனப்படும் நிலக்கடலை பெருகிய பின்னர், அது புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சு நாட்டின் மார்செய் நகருக்குக் கப்பலேறியது. கடலை சென்ற வழியே வெள்ளி வந்தது. வங்கியைக் காணாத குடியானவர் வீட்டிலும், வணிகர் வீட்டிலும் அந்த வெள்ளி ரூபாயே சேமிப்பு. நிக்காஹ் பதிவேட்டில் மஹர்த் தொகை ரூபாயாக எழுதப்பட்ட அந்நாள்களில், அந்த ரூபாய் உண்மையிலேயே வெள்ளியாக இருந்தது என்பதை இன்றைய தலைமுறை அறிய வேண்டும்.

அமெரிக்க டாலர் ரூபாயான கதை

உங்கள் பெட்டியில் 1918 அல்லது 1919 எனப் பொறித்த ரூபாய் இருக்கிறதா? அதன் வரலாறு கேட்கத் தக்கது. முதல் உலகப் போரின்போது இந்திய மக்கள் காகித நோட்டுகளைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்கலாயினர். அரசின் கருவூலத்தில் வெள்ளி வற்றியது. 1917 நவம்பர் 30 அன்று ஒரு ரூபாய் நோட்டு வெளியிடப்பட்டும் தட்டுப்பாடு தீரவில்லை. இந்நிலையில் அமெரிக்க நாட்டின் செனட்டர் பிட்மன் பெயரால் வழங்கும் சட்டம் 1918 ஏப்ரலில் நிறைவேறியது. அதன்படி அமெரிக்கக் கருவூலத்திலிருந்த 27 கோடி வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. அவற்றில் ஏறத்தாழ 25.9 கோடி டாலர்களின் வெள்ளி, இந்தியாவின் தேவைக்கென பிரிட்டனுக்கு விற்கப்பட்டது.

ஒரு வெள்ளி டாலரின் எடை 26.73 கிராம், அதில் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. ஒரு டாலரை உருக்கினால் இரண்டே கால் இந்திய ரூபாய்க்கு வேண்டிய வெள்ளி கிடைக்கும். உருகாமல் எஞ்சிய டாலர்களை அந்நாட்டினர் இன்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத் தரம் பிரிக்கின்றனர். ஒரே ஆண்டில் பிறந்த இரு டாலர்களில் ஒன்று வெள்ளி விலைக்கும், மற்றொன்று அதைவிடப் பன்மடங்கு விலைக்கும் போகிறது. வேறுபாடு நிலையில் இருக்கிறது. அதே வெள்ளியில் பிறந்த நம் ரூபாய்க்கும் அதே விதி பொருந்தும்.

ஆண்டை மட்டும் நம்பலாகாது

பழைமையான ஆண்டு என்றாலே பெருவிலை என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. சென்னையில் அச்சான ஆற்காட்டு ரூபாய்களில் ஹிஜ்ரி 1172 என்ற ஒரே ஆண்டு பல்லாண்டுகள் தொடர்ந்து பொறிக்கப்பட்டது. விக்டோரியா அரசியின் 1840ஆம் ஆண்டு ரூபாயும் அதன்பின் பல ஆண்டுகள் அதே தேதியோடு வெளிவந்தது. 1862 எனப் பொறித்தவையும் 1874 வரையில் அச்சாயின. ஆகவே 1862 என்ற எண்ணைக் கண்டதும் கிடைத்தற்கரிய பொருள் எனத் துள்ள வேண்டியதில்லை. அத்தகைய ரூபாய் ஏராளம். தேயாத ரூபாயே அரிது.

மாறாக, மிகவும் பிந்திய ஆண்டு ஒன்று மிகவும் அரிதாக இருக்கலாம். ஆறாம் ஜார்ஜ் மன்னரின் 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் அத்தகையது. அரிது என்பதனாலேயே 1938இன் கடைசி எண்ணைத் திருத்தி 1939 ஆக்குவோரும் உள்ளனர். அவ்வாண்டு ரூபாயைக் கண்டால் கடைசி எண்ணை மட்டும் தனியே உற்று நோக்குக.

முஸ்லிம்களோடு தொடர்புடைய செய்தி ஒன்றும் உண்டு. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் 1911ஆம் ஆண்டு ரூபாயில், அவருடைய மேலங்கியில் பொறித்த யானை, துதிக்கை குறுகிப் பன்றியைப் போலத் தோற்றமளித்தது. முஸ்லிம்களின் மனம் புண்பட்டதால் அரசு அந்த ரூபாயைத் திரும்பப் பெற்றது. அச்சான ஏறத்தாழ 94 லட்சத்தில் சுமார் 7 லட்சமே வெளியே சென்றிருந்தன. 1912 முதல் யானையின் உருவம் தெளிவாகத் திருத்தப்பட்டது. உங்களிடம் 1911ஆம் ஆண்டு ரூபாய் இருப்பின் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

முதற் சோதனை: வெள்ளிதானா?

தரம் பார்ப்பதற்கு முன் உலோகம் எதுவென அறிய வேண்டும். 1835 முதல் 1939 வரையிலான ரூபாய்கள் 91.7 டச் வெள்ளி. இரண்டாம் உலகப் போரின்போது, 1940 முதல் 1945 வரையில், வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. எஞ்சியது செம்பு, நிக்கல், துத்தநாகம். முன்னதில் ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 10.7 கிராம் தூய வெள்ளி, பின்னதில் 5.8 கிராம் மட்டுமே. இரண்டும் ஒரே எடை, ஒரே தோற்றம். இரண்டையும் ஒன்றாகக் கலந்து விற்றால் இழப்பு உங்களுக்கே. 1947இல் வெளிவந்த, புலி உருவம் பொறித்த ரூபாயோ நிக்கல். அதில் வெள்ளி சிறிதும் இல்லை.

வீட்டிலேயே செய்யத்தக்க எளிய சோதனைகள் மூன்று.

முதலாவது காந்தம். வெள்ளியைக் காந்தம் ஈர்ப்பதில்லை. 1947இன் நிக்கல் ரூபாயையும், இரும்பில் முலாம் பூசிய போலிகளையும் அது ஈர்த்துவிடும்.

இரண்டாவது எடை. நகைக்கடையின் நுண்தராசில் 11.66 கிராம் அல்லது தேய்மானத்தால் அதற்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். பெரிதும் குறைந்தால் போலியாக இருக்கலாம். ஓரம் சுரண்டப்பட்டும் இருக்கலாம்.

மூன்றாவது விளிம்பு. உண்மையான ரூபாயின் விளிம்பில் வரிகள் சீராக ஓடும். வார்ப்புப் போலியின் விளிம்பில் இரு பாதிகளை இணைத்த கோடு தென்படும். எழுத்துகளும் கரைந்த சோப்பைப் போல மழுங்கியிருக்கும்.

கடைக்காரர் உரைகல்லில் உரசிப் பார்க்க முற்பட்டால் தடுத்துவிடுங்கள். உரசிய இடம் வடுவாகும். டச் பார்க்கும் கருவி உள்ள கடையில் சேதமின்றியே வெள்ளியின் அளவை அறியலாம்.

நிலையை அறியும் முறை

மேசைமீது மெத்தென்ற துணியை விரித்துக்கொள்ளுங்கள். கைகளைக் கழுவி ஈரம் போகத் துடைத்த பின், நாணயத்தின் விளிம்பை மட்டும் இரு விரல்களால் பிடியுங்கள். முகத்தைத் தொட வேண்டாம். ஒற்றை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். கடிகாரப் பழுது பார்ப்போர் பயன்படுத்தும் கண்ணாடி ஒன்று இருப்பின் மிக நன்று.

தேய்மானம் எப்பொழுதும் மேடான இடங்களிலேயே தொடங்கும். விக்டோரியா ரூபாயில் காதுக்கு மேலுள்ள கூந்தல், மகுடம், மார்பின் ஆடை வேலைப்பாடு ஆகியவற்றை நோக்குக. ஏழாம் எட்வர்டின் ரூபாயில் தலையில் மகுடம் இல்லை. காதோர முடியும் தாடியும் முதலில் தேயும். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் கன்னம், காது, மகுடத்தின் முத்துகள், மேலங்கியின் யானை ஆகியவை சான்று கூறும். பின்னர்த் திருப்பி, பூவேலைப்பாட்டின் இதழ்களையும், 'யக் ரூபியா' என்ற உர்தூ எழுத்துகளையும் பாருங்கள். இரு பக்கங்களும் வேறுபடுமாயின், தாழ்ந்த பக்கத்தை ஒட்டியே தரத்தைக் கணியுங்கள்.

உலகெங்கும் வழங்கும் தரப்படிகளை ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயைக் கொண்டு விளக்குவோம்.

'குட்' என்பது பெயரளவில் மட்டுமே நன்று. உருவத்தின் புறக்கோடு எஞ்சியிருக்கும், ஆண்டைப் படிக்கலாம், மகுடம் வெறும் தட்டையாகத் தோன்றும். இதற்குப் பெரும்பாலும் வெள்ளியின் விலையே கிடைக்கும்.

'ஃபைன்' என்ற படியில் எழுத்துகள் யாவும் தெளிவு. முகம் தெரியும், முடியிழைகளும் யானையின் உறுப்புகளும் மறைந்திருக்கும்.

'வெரி ஃபைன்' படியில் மகுடத்தின் முத்துகள் பலவும் எண்ணத்தக்கவை. யானை யானையாகவே தோன்றும். காதும் கன்னமும் மட்டும் தட்டை.

'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்' படியில் தேய்மானம் மிக மேடான இடங்களில் மட்டும் இருக்கும். எழுத்துகளின் இடுக்கில் முதல் ஒளி இன்னும் பதுங்கியிருக்கும்.

'அன்சர்க்குலேட்டட்' என்பது கைமாறாத நாணயம். தேய்மானம் சிறிதும் இராது. சாய்க்கும்பொழுது சக்கரத்தின் ஆரங்களைப் போல ஓர் ஒளி அதன் முகத்தில் சுழன்று வரும். மூட்டையில் ஒன்றோடொன்று மோதிய சிறு வடுக்கள் இதிலும் இருக்கலாம்; அவை தேய்மானம் ஆகா.

இப்படிகளுக்கு எண்களும் உண்டு. 1949இல் அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் அந்நாட்டின் பழைய செம்புக் காசுகளுக்கென 1 முதல் 70 வரையில் ஓர் அளவுகோலை வகுத்தார். அதுவே பின்னர் வெள்ளி டாலர் உள்ளிட்ட நாணயங்கள் பலவற்றுக்கும் பரவியது. 60உம் அதற்கு மேற்பட்டவையும் கைமாறாதவை என்பது அதன் கணக்கு.

தேய்மானமன்றி வேறு குறைகளும் உண்டு. துளையிட்டது, காசுமாலைக்கென வளையம் பற்றவைத்தது, விளிம்பு நசுங்கியது, சராப் எனப்படும் நாணயச் சோதகர் முத்திரை குத்தியது ஆகியவை விலையைக் குறைக்கும். 'சராப்' என்ற சொல் 'ஸர்ராஃப்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததாகும். காசின் நன்மை தீமைகளைப் பார்த்து உறுதி சொல்வதே அவர் தொழில். அத்தொழிலின் முதல் தகுதி நேர்மை.

துலக்குவதே பெருங்கேடு

பெண்மணிகளே, இப்பகுதியை ஊன்றிப் படியுங்கள். பெட்டியிலிருந்து எடுத்த ரூபாய் கறுத்திருப்பதைக் கண்டால் கை சும்மா இருப்பதில்லை. புளி, சாம்பல், பற்பசை, எலுமிச்சை என ஏதேனும் ஒன்றால் தேய்த்துப் பளபளக்கச் செய்து, அதன்பின் விற்கக் கொண்டு செல்கிறோம். பாத்திரத்துக்கு அது அழகு. நாணயத்துக்கு அது கேடு.

வெள்ளியின் மீது படியும் கருமை, காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் விளைவது. பல்லாண்டு அமைதியாகக் கிடந்த காசின் மீது அது மெல்லிய போர்வையாகப் படிகிறது. தேய்க்கும்பொழுது போர்வையோடு வெள்ளியின் மேற்பரப்பும் சிறிது போய்விடும்; கண்ணாடியின் கீழ் மயிரிழைக் கீறல்கள் தென்படும். நூறாண்டுகள் கெடாத ஒளி ஐந்து நிமிடங்களில் அழிந்துவிடும். பின்னர் எவராலும் அதனை மீட்க இயலாது. நாணயம் சேகரிப்போர் கறுத்த காசை விரும்பி வாங்குவர். தேய்த்த காசைக் கண்டதும் விலையைக் குறைப்பர்.

மண் ஒட்டியிருந்தால் தூய நீரில் சிறிது நேரம் இட்டு, தேய்க்காமல் மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், அது போதும். மென்மையான பிளாஸ்டிக் உறைகளிலும், ரப்பர் வளையம் இட்டும் வைக்க வேண்டாம். சிலவகைப் பிளாஸ்டிக் நாளடைவில் பச்சை நிறப் பிசுக்கை உண்டாக்கும். ரப்பரின் கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். ஒவ்வொன்றையும் தனித்தனியே காகித உறையிலிட்டு, ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.

பங்கீட்டிலும் விற்பனையிலும்

சம பங்குக்கு உரிய இரு சகோதரிகளுக்குத் தாயார் விட்டுச் சென்ற இருபது ரூபாய்களை ஆளுக்குப் பத்தாக எண்ணிக் கொடுத்துவிட்டால் நீதி நிறைவேறிவிட்டதா? ஒருவருக்குக் கிடைத்தவை 1944ஆம் ஆண்டின் பாதி வெள்ளி ரூபாய்களாகவும், மற்றவருக்குக் கிடைத்தவை தேயாத விக்டோரியா ரூபாய்களாகவும் இருப்பின், எண்ணிக்கை சமம், பங்கு சமமன்று. ஆகவே பாகப்பிரிவினைக்கு முன் ஆண்டு, எடை, நிலை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, எல்லோர் முன்னிலையிலும் மதிப்பிடுவதே முறை. மஹராகவோ, தாய்வீட்டுச் சீதனமாகவோ பெண்ணுக்கு வந்த காசு எனில், அது அவருடைய சொந்த உடைமை. அவர் அறியாமல் அதனை விலை பேசும் உரிமை கணவருக்கும் இல்லை, மைந்தருக்கும் இல்லை.

ஜகாத் கணக்கிலும் இக்காசுகளை மறந்துவிடலாகாது. வெள்ளிக்குரிய நிஸாப் 52½ தோலா, அதாவது சுமார் 612 கிராம் என நம் நாட்டு உலமாக்கள் கூறி வருகின்றனர். ஒரு ரூபாய் ஒரு தோலா என்பதை மேலே கண்டோம். பெட்டியிலுள்ள ரூபாயின் எண்ணிக்கையையும் டச்சையும் குறித்துக்கொண்டு, வீட்டின் மற்ற வெள்ளியோடும் பணத்தோடும் சேர்த்து உங்கள் ஊர் ஆலிமிடம் விளக்கம் பெறுங்கள்.

விற்பவர் நாம் எனில் நமக்கும் கடமை உண்டு. துளையை அடைத்ததையும், வளையத்தை நீக்கியதையும் மறைக்கலாகாது. அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயம் அமைந்திருப்பதை நாம் அறிவோம்.

எச்சரிக்கைகள் சில

பழைய நாணயத்துக்குப் பல லட்சம் தருவதாகக் கைப்பேசியில் ஆசை காட்டி, முன்பணமாக வரியும் கட்டணமும் கேட்போர் பெருகியுள்ளனர். சிலர் ரிசர்வ் வங்கியின் பெயரையே பயன்படுத்துகின்றனர். பழைய நோட்டு, நாணய விற்பனைக்குத் தாம் எவ்விதக் கட்டணமும் கேட்பதில்லை என்றும், எவருக்கும் அத்தகைய அதிகாரம் அளிக்கவில்லை என்றும் அவ்வங்கி 2021 ஆகஸ்டில் அறிவித்துள்ளது. உண்மையில் வாங்குபவர் உங்களுக்குப் பணம் தருவார். உங்களிடம் பணம் கேட்க மாட்டார்.

வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் செல்வோர் நினைவிற் கொள்க: நூறாண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருளாகும். தனியார் அதனை நாட்டுக்கு வெளியே கொண்டு செல்வது குற்றம். உழும்பொழுதோ, அடித்தளம் தோண்டும்பொழுதோ மண்ணிலிருந்து காசுகள் கிடைத்தால், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தல் வேண்டும்.

ஒரே கடையில் கேட்டுவிட்டு முடிவு செய்ய வேண்டாம். நகைக்கடையில் எடை விலையைக் கேளுங்கள், நாணயம் சேகரிப்போரிடம் நிலைக்குரிய விலையைக் கேளுங்கள், இரண்டையும் ஒப்பிடுங்கள். தேய்ந்த காசு எனில் எடை விலையே நியாயம். அதற்காக வருந்த வேண்டியதில்லை. சென்னைக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைப்பின், எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கண் பழகப் பழகத் தரம் தானே விளங்கும்.

நம் தமிழில் 'நாணயம்' என்ற ஒரே சொல் காசையும் குறிக்கிறது. சொல் தவறாத நேர்மையையும் குறிக்கிறது. நம் முன்னோர் வியர்வை சிந்திச் சேர்த்த வெள்ளியை அறியாமையால் இழப்பதும் தகாது. பிறரின் அறியாமையைக் கொண்டு ஆதாயம் தேடுவதும் தகாது. இன்று மாலையே அந்தத் துணி முடிச்சை அவிழ்த்துப் பாருங்கள். தேய்க்காதீர்கள், ஆண்டைப் படியுங்கள், எடையைக் குறியுங்கள், நிலையை எழுதி வையுங்கள். வீட்டிலுள்ள மூதாட்டியாரை அருகில் அமர்த்தி, எந்தக் காசு எவர் கொடுத்தது என்று கேட்டு அதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.